கூன் விழுந்த படகுகள்

அத்தியாயம் 6

இன்ஜினியர் பெலாஸ்கோ, செத்துப்போனவனின் படகைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, "எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு பாருங்க!" என்று பூரித்தார்.

துலியோ நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

திரையில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு ஒல்லிக் கோடு மிதந்தது. அதன் தலைமாட்டில் 'கடத்தல் படகு, 97 சதவீதம்' என்று எழுதியிருந்தது. படம் விழுந்த அன்று விடியற்காலை அந்தக் கோட்டுக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எலியேசர், அவன் தம்பி யாமித். இருவரும் தூண்டில் போட்டுப் பிழைப்பவர்கள். குன்றின் மேலிருக்கும் இந்த ராடார் அவர்களைக் கடத்தல்காரர்கள் என்றது. ரோந்துப் படகு விளக்கை அணைத்துக்கொண்டு பின்னால் பாய்ந்தது. புந்தா போங்கா கரையில் விளக்கில்லாமல் வருபவன் எஞ்சின் திருடன். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணனும் தம்பியும் எஞ்சினைக் காப்பாற்ற ஓடினார்கள். ஓடியதால் சுட்டார்கள்.

யாமித்தைப் புதைத்து இரண்டு வாரம் ஆகிறது. படகில் மீனைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. சரக்கைக் கடலில் வீசிவிட்டார்கள் என்று எழுதி எலியேசரை லாக்கப்பில் தள்ளியாயிற்று. நாளைக் காலை நீதிபதி முன் நிறுத்துவார்கள். அவனுக்கு எதிராக இருக்கும் ஒரே சாட்சி இந்த மெஷின்தான். அது கூண்டில் ஏறாது, குறுக்கு விசாரணைக்கும் வராது.

"எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர்," என்றாள் நூரிஸ் பெர்தூஸ். இந்தக் கரையில் சட்டையை இஸ்திரி போட்டவனெல்லாம் டாக்டர்தான்.

நூரிஸ் சுங்கத்துறையில் வருஷக்கணக்காக இருந்து, அங்கே அடித்த நாற்றம் தாங்காமல் வெளியே வந்து துப்பறியும் தொழிலில் இறங்கியவள். வயது ஐம்பது. கையில் எப்போதும் ஓலை விசிறி. ஏசி ஓடும் அறையிலும் விசிறிக்கொள்வாள். துலியோ வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். அவளுடைய ஒரே உதவியாளனும் அவன்தான். வண்டியைவிட அவன் வாய் வேகமாக ஓடும்.

"பழைய ராடார்ல எது வந்தாலும் ஒரு புள்ளி மேடம். கப்பலும் புள்ளி, தோணியும் புள்ளி." பெலாஸ்கோ இதை மந்திரிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார். "எங்க 'கடற்கண்' நீளம் பார்க்கும், அகலம் பார்க்கும், உயரம் பார்க்கும். நாலாவதா ஆட்டம் பார்க்கும். அலையில படகு ஆடறப்போ ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு வேகத்துல அசையும் இல்லையா? அதை வச்சே மெஷின் உருவத்தை வரைஞ்சுடும். ஆடாத படகுக்குப் படம் சரியா விழாது. கடலே நமக்கு ஃபோட்டோகிராபர்னு வச்சுக்குங்களேன். அன்னிக்கு அலை பிரமாதம்."

"செத்தவன் நல்லா போஸ் குடுத்திருக்கான்னு சொல்றீங்க," என்றான் துலியோ.

"அப்படியும் சொல்லலாம்," என்று சிரித்தார் பெலாஸ்கோ.

துலியோ கிண்டலாகத்தான் சொன்னான். அந்த மனுஷன் அதைப் பாராட்டாக வாங்கி மடியில் கட்டிக்கொண்டதைப் பார்த்து அவனுக்குக் கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

"உருவம் வரைஞ்சாச்சு, சரி. அது கடத்தல்காரனா மீனவனான்னு மெஷினுக்கு யார் சொல்லிக் குடுத்தது?" என்றாள் நூரிஸ்.

"நாங்கதான். ரெண்டு தரப்புப் படத்தையும் காட்டிப் பழக்கினோம். ரோந்து பிடிச்சு வச்சிருந்த கடத்தல் படகுகளை ரெண்டு ரெண்டு பேரை உக்கார வச்சு ஓட்டிப் பதிவு பண்ணினோம். மீனவர் படகு இதோ."

திரை மாறியது. ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் நடுவே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு புடைப்பு. எல்லாப் படகும் தண்ணீரில் அமுங்கி, நிறைமாதக்காரி மாதிரி மெதுவாக அசைந்தது.

"இதென்ன டாக்டர், எல்லாப் படகும் கூன் விழுந்து கிடக்கு?" துலியோ முன்னால் குனிந்தான். "ஒட்டகத்தையா கடல்ல விட்டீங்க?"

"அது வலை, கம்பம், ஏதோ மீன்பிடி சாமான். உங்க ஊர் சமாச்சாரத்தை நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

துலியோ வாயைத் திறந்தான். நூரிஸின் செருப்புக் குதிகால் அவன் கட்டைவிரல் மேல் ஏறி நின்றது. வாய் தானாக மூடிக்கொண்டது.

"இவ்வளவு படகையும் எப்படிக் கூட்டி வந்தீங்க? எங்க ஆளுங்க கூப்பிட்டா வர மாட்டாங்களே," என்றாள் அவள் தேன் ஒழுக.

"அது அதிர்ஷ்டம் மேடம்! ஜூலையில வந்து மெஷினை இறக்கினோம். ஒவ்வொரு மீனவனையா போய்க் கெஞ்சணுமேன்னு கவலையில இருந்தோம். ஒருநாள் மத்தியானம் பார்த்தா, தூரத்துல ஊர்ப் படகு மொத்தமும் வரிசை கட்டி எங்க மூக்குக்கு முன்னால போகுது! ஒரே நாள்ல வேலை முடிஞ்சுது. பாதியைப் பாடமா குடுத்தோம், மீதியைப் பரீட்சையா வச்சோம். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு மார்க்!"

"அதே நாள் படத்துலயா பரீட்சை?"

"அதே நாள்."

"கேள்வித்தாளையே பாடமா நடத்திட்டுப் பரீட்சை வச்சா எங்க வீட்டுக் கிளிகூட பாஸாகும்," என்று துலியோ முணுமுணுத்தான். நல்லவேளை, கட்டைவிரல் தப்பித்தது.

"அன்னிக்குப் பாட்டு, வெடின்னு ஏதாவது சத்தம் கேட்டுச்சா டாக்டர்?" என்று கேட்டாள் நூரிஸ்.

"இது ரெட்டைக் கண்ணாடி மேடம். இடி விழுந்தாலும் உள்ள கேக்காது."

"இந்த மாதிரி கூன் விழுந்த படகு இப்பவும் வருதா?"

"வாராவாரம் வருது. உப்பங்கழி வாயிலருந்து மூணு நாலு படகு, வரிசையா, மேற்கு பக்கம் போகும். மீனவர், தொண்ணூத்தொன்பது சதவீதம். ரோந்துக்குச் சொல்லவே அவசியமில்ல."

நூரிஸின் விசிறி நின்றது. அவள் விசிறி நின்றால் யாருக்கோ கெட்ட காலம் என்பது துலியோவுக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. அந்த ஏசிக்குள் இருந்ததற்கு இது எவ்வளவோ தேவலை என்றிருந்தது துலியோவுக்கு. மோட்டார் சைக்கிள் நின்ற மாமரத்தடியில் நூரிஸ் காறித் துப்பினாள். அவள் துப்பி அவன் பார்த்ததேயில்லை.

"ஜூலையில ஊர்ப் படகு மொத்தமும் வரிசையா போற நாள் எதுடா?"

"கார்மேல் மாதா பவனி. வேற எது?" சொல்லி முடிப்பதற்குள் துலியோவுக்குப் பொறி தட்டியது. "அட நாசமாப் போறவனே! அந்தக் கூன்..."

"மாதாவுக்குக் கட்டற வளைவு. கம்பியை வளைச்சு வெல்டு வச்சு, ஓலையும் ஜிகினாவும் சுத்துவோமே, அதான். படகுக்கு முப்பது பேரு, ரம் பாட்டிலோட. அமுங்காம என்ன செய்யும்? மறுநாள் காலையில வளைவைக் கழட்டிக் கொல்லையில போட்டுட்டு ரெண்டு ரெண்டு பேரா தூண்டிலுக்குப் போயிடுவோம். மெஷினுக்குத் தெரிஞ்ச மீனவன் திருவிழா மீனவன் மட்டும்தான். வேலைக்குப் போற மீனவனை அது பார்த்ததே கிடையாது. ரெண்டு பேரு, கூன் இல்ல, ஒல்லிப் படகு. அப்ப அவன் கடத்தல்காரன்."

"அவரு தலைநகர் பொகோத்தாக்காரர், சரி. கார்மேல் மாதாவுமா தெரியாது? அங்கயும் கொண்டாடறாங்களே."

"அவங்க ஊர்ல லாரிக்கு மாலை போடுவாங்க. இங்க படகுக்குக் கட்டுவோம்னு குன்றை விட்டு இறங்கி ஒரு ஆளைக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். இறங்க மனசு வரல. யாமித்தோட உயிர் இவர் இறங்கி வராத சோம்பேறித்தனத்துக்கு விலை." நூரிஸ் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அதுகூட முட்டாள்தனம்னு விட்டுடலாம். எனக்குக் குமட்டறது ரெண்டாவது விஷயம்."

"கூன் படகு இப்பவும் வருதுங்கறதா?"

"நவம்பர்ல எவன் பவனி போறான்? அதுவும் வரிசையா? நம்ம ஆளுங்களைத் தெரியாதா உனக்கு. எங்க மீன் கடிக்குதுன்னு கட்டின பெண்டாட்டிகிட்டயே சொல்ல மாட்டான். ஒருத்தன் போற திசைக்கு இன்னொருத்தன் தெரிஞ்சே போக மாட்டான். வரிசையா போறவன் மீனுக்குப் போகல. மெஷினோட முட்டாள்தனம் எவனோ ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருக்கு. சரக்கு ஏத்தின படகுக்கு வளைவைக் கட்டி, மாதா பேரைச் சொல்லிக் குன்றுக்கு முன்னாலயே போயிட்டிருக்கான்."

துலியோ வண்டியை உதைத்தான். "அந்த எவன் யாரு பாஸ்? இன்ஜினியரா?"

"அவருக்கு அவ்வளவு மூளை இருந்தா யாமித் உயிரோட இருப்பான். கரைக்கு விடு. நம்ம கட்சிக்காரரைப் பார்க்கணும். ஊர்ல இன்னமும் வளைவு கழட்டாத படகு அவரோடது ஒண்ணுதான். அதைக் கடன் வாங்கிக் குன்றுக்கு முன்னால ஓட்டிக் காட்டலாம்."

கட்சிக்காரர் என்றால் ஹசிந்தோ. மீனவர் சங்கத் தலைவர். எலியேசருக்காக நூரிஸை அமர்த்தியது அவர்தான். யாமித்தின் குழந்தைக்கு ஞானத்தகப்பன். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவரும் அவர்தான். அவர் படகில் வளைவு இன்னமும் இருப்பதற்குக் காரணமும் ஊரறிந்தது: மகள் உடம்பு தேறும் வரை கழற்றுவதில்லை என்று மாதாவுக்கு நேர்ச்சை.

கரையில் அவர்களைக் கண்டதும் ஹசிந்தோ ஓடி வந்து நூரிஸைக் கட்டிக்கொண்டார். பெருத்த உடம்பு, சிறிய கண். "வா தங்கச்சி, வா! சாப்பிடாம பேச்சே கிடையாது," என்று பந்தலுக்குள் இழுத்துப் போனார். பொரித்த மீனும் தேங்காய்ச் சோறும் வந்தன. யாமித் பெயரை எடுத்ததும் அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கொட்டிய கண்ணைத் துடைத்த கையாலேயே மீனின் முள்ளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, உங்க படகையும் வளைவையும் ஒரு மணி நேரம் குடுங்க. எலியேசரை வெளிய கொண்டாந்துடறேன்," என்றாள் நூரிஸ்.

ஹசிந்தோ மெல்லுவதை நிறுத்தினார். "வேற என்ன வேணாலும் கேளு. அது மாதாவோடது. வேத்து ஆள் கை படக்கூடாது தாயி."

"இப்பல்லாம் உங்களை ரோந்து மறிக்கறதே இல்லையாமே?"

"அவ காவல்!" என்று நெஞ்சில் சிலுவை போட்டார்.

துலியோ பந்தலுக்கு வெளியே நின்ற படகைப் பார்த்தான். வளைவில் காகிதப் பூக்கள் அழுகிக் கறுத்துத் தொங்கின. ஓலை மக்கிவிட்டது. நடுவே மாதா படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. ஆனால் கம்பிக்கு மட்டும் புத்தம் புதிய சிவப்புச் சாயம். உப்புக் காற்றுக்குத் துரு பிடிக்காமல் பூசும் சாயம். நேர்ந்துகொண்டவன் மாதாவைக் காற்றில் விட்டுவிட்டுக் கம்பியைப் பார்த்துக்கொள்கிறான்! துலியோவுக்குத் தட்டில் இருந்த மீன் தன்னையே முறைப்பது போலிருந்தது. தட்டைத் தள்ளி வைத்தான்.

நூரிஸ் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி பொரித்த வாழைக்காயைக் கடித்தாள். "பரவால்லண்ணே. எப்படியும் இன்ஜினியர் தப்பை ஒத்துக்கிட்டாரு. திருவிழாப் படகைப் பார்த்து மெஷின் கெட்டுப் போச்சாம். நாளையிலருந்து வளைவு, கூன் எதையும் அது நம்பாது. எல்லாத்தையும் மாத்தறாங்களாம். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

பெலாஸ்கோ அப்படி ஒன்றும் சொல்லவில்லை. துலியோ வியப்பைக் காட்டாமல் காதைச் சொறிந்துகொண்டான்.

ஹசிந்தோ தட்டிலேயே கையைக் கழுவினார். பிறகு, "நாளைக்குன்னா... காலையிலயா, சாயங்காலமா?" என்றார்.

"காலையில."

"நல்லது, நல்லது. கடவுள் இருக்காரு," என்று எழுந்தார். அதன்பிறகு அவருக்கு உபசாரம் செய்ய நேரமில்லை.

வண்டி தென்னந்தோப்பைத் தாண்டியதும் துலியோ பிரேக் அடித்தான். "பாஸ், கம்பியில சாயத்தைப் பார்த்தேன். ஆனா அதை வச்சு ஒரு ஆளைத் தூக்கில போட முடியாதே."

"சாயத்தை விடு. அவர் கேட்ட கேள்வியைப் பார்த்தியா? சங்கத் தலைவன்கிட்ட வந்து, 'உங்க ஆளுங்களைச் சுடற மெஷினை நாளைக்குத் திருத்தப்போறாங்க'ன்னு சொன்னா அவன் என்ன கேக்கணும்?"

துலியோ யோசித்தான். "'ஏன் நாளைக்கு? இன்னிக்கே திருத்தினா என்ன கேடு? ராத்திரி என் ஆளுங்க கடலுக்குப் போறாங்களே'ன்னு கத்தணும்."

"இவர் காலையிலயா, சாயங்காலமான்னு கேட்டாரு."

துலியோ வாயில் வந்த கெட்ட வார்த்தையைத் தென்னைமரத்துக்குச் சொன்னான்.

"வளைவு வேலை செய்யறது இன்னிக்கு ஒரு நாள்தான்னு நினைச்சுக்கிட்டிருப்பான்," என்றாள் நூரிஸ். "தேங்கியிருக்கற சரக்கையெல்லாம் விடியறதுக்குள்ள கிளப்பப் பார்ப்பான். அரசு வக்கீல் ஆபீசுக்கு விடுடா. பறக்கணும்."

அரசு வழக்கறிஞர் ஒலாயா, நாளை எலியேசருக்கு எதிராக வாதாட வேண்டியவள். மெலிந்த, சிடுசிடுத்த பெண்மணி. நூரிஸ் சொன்னதைக் கடைசி வரை கேட்டுவிட்டு, "மெஷினோட வார்த்தையை நம்பி ஒருத்தனை உள்ள வச்சிருக்கேன். அது பொய்யா இருந்தா எனக்கு ராத்திரி தூக்கம் வராது," என்றாள். "நீங்க சொல்றது பொய்யா இருந்தா உங்களுக்கு வராது. வாங்க."

பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் கழி வாயில் அலையாத்தி மரங்களுக்குள் ரோந்துப் படகில் பதுங்கியிருந்தார்கள். சேறு நாறியது. கொசு ஆளைத் தூக்கியது. ஒலாயா கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தாள். அன்று சுட்ட ரோந்துக்காரர்களில் ஒருவன் படகின் முனையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கழிக்கு உள்ளேயிருந்து எஞ்சின் சத்தம் வந்தது.

நூரிஸ் ரேடியோவை எடுத்தாள். "டாக்டர் பெலாஸ்கோ, நூரிஸ் பேசறேன். கழி வாயில என்ன தெரியுது?"

"நல்ல நேரத்துல கேட்டீங்க!" குன்றின் மேலிருந்து குரல் குதூகலமாக வந்தது. "நாலு படகு. அருமையான படம். மீனவர், தொண்ணூத்தொன்பது. மீனவர், தொண்ணூத்தொன்பது. நாலும் அப்படியே."

மரங்களுக்கு இடையே படகுகள் வெளிப்பட்டன. பின்னால் வந்த மூன்றும் நீண்ட, கருஞ்சாம்பல் நிறக் கடத்தல் படகுகள். ஒவ்வொன்றிலும் மூன்று ராட்சத எஞ்சின். தண்ணீர் விளிம்பைத் தொடும்வரை தார்ப்பாய் சுற்றிய மூட்டைகள். நடுவே வெறும் கம்பி வளைவு, பூவும் இல்லை, மாதாவும் இல்லை. முன்னால் வழிகாட்டி வந்த படகில் அழுகிய காகிதப் பூக்கள் ஆடின. சுக்கானைப் பிடித்தபடி ஹசிந்தோ நின்றார்.

"சந்தேகமே இல்லையா டாக்டர்?" என்றாள் நூரிஸ்.

"சுத்த மீனவர்கள் மேடம். என் சம்பளத்தைப் பந்தயம் வைப்பேன்."

ஒலாயா கொசு அடிப்பதை மறந்து அந்த ரேடியோவையே பார்த்தாள். அதிலிருந்து ஏதோ வழிவது போல அவள் முகம் சுளித்தது. பிறகு கையை உயர்த்தினாள். இந்த முறை ரோந்துப் படகு எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு, சைரனோடு கிளம்பியது. சுமை ஏறிய படகுகளால் ஓட முடியவில்லை. ஒரு குண்டுகூடச் செலவாகவில்லை.

கைவிலங்கோடு படகின் தரையில் உட்கார்ந்திருந்த ஹசிந்தோவின் முன் துலியோ போய் நின்றான். வழக்கமாக நாக்கு நுனியில் நாலு கிண்டல் இருக்கும். ஒன்றுகூட வரவில்லை.

"வளைவோட வித்தையை எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்று நூரிஸ்தான் கேட்டாள்.

"பவனிக்கு அப்புறம் கழட்டச் சோம்பலா இருந்துச்சு," என்றார் ஹசிந்தோ சாதாரணமாக. "எல்லாரையும் மறிக்கறான், என்னை மட்டும் விடறான். யாருக்கும் தெரியாம ரெண்டு மூணு தடவை கழட்டிப் பார்த்தேன், மறிச்சான். மாட்டிப் பார்த்தேன், விட்டான்."

"அப்பவே கரையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"எல்லாரும் மாட்டிக்கிட்டுத் திரிவானுங்க. எல்லாப் படகுலயும் கூன் இருந்தா குன்றுல இருக்கறவனுக்குச் சந்தேகம் வந்துடும். நாலு பேருக்குத் தெரியற வரைக்கும்தான் வித்தை."

"யாமித்துக்காவது சொல்லியிருக்கலாமே. அவன் குழந்தைக்கு ஞானத்தகப்பன் இல்லையா நீங்க?"

"அவன் வாய் நிக்காத பய," என்றார் ஹசிந்தோ. "என்னை எதுக்குத் தங்கச்சி அப்படிப் பார்க்கறே? உன்னை அமர்த்தினதே நான்தானே."

"குன்றுல எவ்வளவு தெரிஞ்சிருக்குன்னு வேவு பார்க்க அமர்த்தினீங்க. அந்தக் கழிசடை வேலைக்கு என்னைத் தூதனுப்பினீங்களே, அதை நினைச்சாத்தான் உடம்பு கூசுது."

துலியோ படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மத்தியானம் அந்தக் கையால் வாங்கித் தின்றதையெல்லாம் கடலுக்குக் கொடுத்தான்.

காவல் நிலையத்தில் விளக்கேற்றியிருந்தார்கள். எலியேசரைக் கூட்டி வந்தார்கள். உயரமான, கறுத்த, பேச்சுக் குறைந்த மனிதன். சட்டையில் இன்னமும் தம்பியின் ரத்தக் கறை. மாற்றுச் சட்டை கொடுக்க இரண்டு வாரமாக யாருக்கும் தோன்றவில்லை.

ஒலாயா எழுந்து நின்று பேசினாள். "வழக்கு இல்ல. நீங்க போகலாம். உங்க தம்பி மீனவன்னு நாளைக்கு நீதிமன்றத்துல நானே சொல்லுவேன்." கொஞ்சம் நிறுத்தி, "தப்பு என்னோடதும்தான்," என்றாள்.

எலியேசர் தலையசைத்தான். பிறகு ஹசிந்தோவைப் பற்றி நூரிஸ் அவனிடம் சொன்னாள். "பெட்டியில என் தம்பி தலைமாட்டை அவர்தான் தூக்கினாருன்னு சொன்னாங்க," என்றான்.

அப்போதுதான் ஒலாயா ஆளனுப்பி வரவழைத்திருந்த பெலாஸ்கோ மூச்சிரைக்க உள்ளே வந்தார். வியர்வையில் இஸ்திரி கலைந்திருந்தது. முகத்தில் வெட்கம் இருக்கும் என்று துலியோ தேடினான். ஊஹும், நல்ல மார்க் வாங்கிய பையனின் முகம்.

"கவலையே வேண்டாம் மேடம், திருத்திட்டேன்! இன்னிக்குப் பிடிச்ச படகுகளையும் பாடத்துல சேர்த்தாச்சு. இனிமே வளைவு வச்சு எது வந்தாலும் மெஷின் கடத்தல்காரன்னு சொல்லிடும்."

ஒலாயா மேஜையிலிருந்த வழக்குக் கட்டை மூடினாள்.

"டாக்டர்," என்றாள் நூரிஸ், வார்த்தை வார்த்தையாக. "ஜூலையில திரும்பவும் பவனி வரும். ஊர்ப் பொம்பளைங்க, பிள்ளைங்க எல்லாம் வளைவு வச்ச படகுல இருப்பாங்க."

பெலாஸ்கோ கண்ணைச் சிமிட்டினார். "அந்த ஒரு நாள் மட்டும்... ஏதாவது ஏற்பாடு..."

"வளைவு இல்லாத படகை?" என்று எலியேசர் கேட்டான். "அதை உங்க மெஷின் என்ன சொல்லும்?"

"அது... பழைய பாடம் அப்படியே இருக்கும். போகப் போகக் கத்துக்கும். இன்னும் கொஞ்சம் படம் சேரணும்."

"எத்தனை பேர் செத்தா சேரும்?" என்று துலியோ கத்தினான். எலியேசர் அவன் தோளில் கை வைத்து அமர்த்தினான்.

"நாளைக்கு விடியறதுக்கு முன்னால நான் கடலுக்குப் போறேன்," என்றான் எலியேசர். "வீட்டுல அடுப்பு எரியணும். அணியத்துல, படகோட முன் முனையில, என் தம்பி உக்காருவான், இப்ப அந்த இடம் காலி. நீங்க வாங்க. மீனவன் படகு எப்படி இருக்கும்னு கிட்டயே பார்த்துக்கலாம். நாம ரெண்டே பேரு. வளைவு கிடையாது."

அதில் கேலி இல்லை, மிரட்டலும் இல்லை. கூட வேலைக்கு ஒரு ஆளைக் கூப்பிடுகிறவனின் குரல் அது. பெலாஸ்கோ சுற்றிலும் பார்த்தார். ஒலாயா பார்வையை எடுக்கவில்லை. மறுக்க வழியில்லை.

"வரேன்," என்றார். உதட்டைத் துடைத்துக்கொண்டார். கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்ப் போனை எடுத்தது. "ஒரு நிமிஷம். முதல்ல குன்றுக்குச் சொல்லி மெஷினை நிறுத்தச் சொல்லிடறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. போனைப் பிடித்த கை நடுவழியில் நின்றது.

"நிறுத்துங்க," என்றாள் ஒலாயா. "ஆனா உங்களுக்காக இல்ல, நாளைக்கு மட்டுமும் இல்ல. இப்ப, என் கண் முன்னால."

பெலாஸ்கோ எண்களை அழுத்தினார். எலியேசர் அவர் பேசி முடிக்கும் வரை கூடக் காத்திருக்கவில்லை. ரத்தச் சட்டையோடு வாசலைத் தாண்டி, தம்பி வீட்டுப் பக்கம் நடந்தான்.